அசோகர் எழுதி வைத்த கணக்கு

சைவக் குடும்பங்கள் வாசிக்கும் இவ்விதழில் பௌத்த மன்னர் ஒருவரின் சரிதம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாட்டைவிட்டு வந்த எமக்கு அச்சமயத்தின் பெயரோடு கசப்பான நினைவுகளும் உண்டு. அதனாலேயே அசோகச் சக்கரவர்த்தியைப் பற்றி எழுத விரும்பினேன்.

சந்திரகுப்த மௌரியரின் பேரனும் பிந்துசாரரின் மைந்தனுமான அசோகர், கி.மு. 268 அளவில் பாடலிபுத்திரத்தில் ஆட்சிக்கு வந்தார். எட்டாம் ஆட்சியாண்டளவில் கலிங்கத்தின்மீது படையெடுத்து வென்றார். வென்ற மன்னர்கள் தமது வீரத்தைக் கல்லிற் பொறிப்பது வழக்கம். அசோகரோ தாம் செய்த அழிவைப் பொறித்தார். அவருடைய 13ஆம் பாறைச் சாசனத்தின்படி கொல்லப்பட்டோர் 100,000 பேர். பிடித்துச் செல்லப்பட்டோர் 150,000 பேர். வேறு வகையில் மாண்டோர் பன்மடங்கு. தாம் தப்பியும் உற்றாரின் துன்பத்தால் வாடியோரையும் அதில் அவர் சேர்த்துக்கொண்டார். கணக்குத் தொழில் கற்ற நான் இத்தொகைகளை வாசித்தபோது, எம்மையும் எவராவது இப்படி எண்ணியிருப்பார்களா என்று நினைத்தேன்.

மனம் வருந்திய மன்னர் பௌத்த அறநெறியில் ஊக்கங் கொண்டார். மனிதருக்கும் விலங்குகளுக்கும் வைத்தியம், மூலிகைச் செடிகள், வழிநெடுகக் கிணறுகள், மரங்கள் எனப் பல ஏற்பாடுகளைச் செய்தார். சோழ, பாண்டிய நாடுகளையும் இதன் தொடர்பில் அவர் குறிப்பிடுகிறார். அறத்தூது சென்றதாக அவர் கூறும் கிரேக்க மன்னர்களுள் மாகஸ் என்பவர் ஆண்ட சிரேனே, நாம் வாழும் சிசிலிக்குக் கடலுக்கு அப்பால், இன்றைய லிபியாவில் உள்ளது.

உணவருந்தும்போதும் மக்களின் விடயங்களைத் தமக்கு அறிவிக்கலாம் என்று 6ஆம் சாசனத்தில் கட்டளையிட்டார். தமது முயற்சியெல்லாம் உயிர்களுக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதற்கே என்பது அவரது எண்ணம். கருணையை அவர் பிச்சையாகக் கருதவில்லை. கடன் தீர்ந்தால்தானே நித்திரை வரும்? பிறர் நலமும் தன் மனவமைதியும் பௌத்தத்தில் இவ்வாறே ஒன்றுசேர்கின்றன. பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்பதையும் 12ஆம் சாசனத்தில் உணர்த்தினார்.

ஆயினும் கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கொண்டுசெல்லப்பட்டோர் ஊர் திரும்பியதாகவும் அச்சாசனம் கூறவில்லை. கி.மு. 232 அளவில் அவர் மறைந்தபோது கணக்கு முழுதாகத் தீரவில்லை. ஆனால் அதை அவர் மறைக்கவில்லை.

பிறர் எமக்குத் தரவேண்டியதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். வைத்திருக்கவும் வேண்டும். நாம் பிறருக்குத் தரவேண்டியதையும் வருடத்தில் ஒருநாளாவது எழுதிப் பார்ப்போமாக.