தமிழில் கெமிஸ்ட்ரி 1875-லேயே வந்தாச்சு! யார் இந்த டாக்டர் கிரீன்?

மதுரை ஒத்தக்கடையில் ஏதாவது ஒரு உரக்கடையில் போய் நின்னு பாருங்க. யூரியா மூட்டையில நைட்ரஜன் 46% என்று அச்சடிச்சிருக்கும். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவின் மூலக்கூறு நிறை 60. அதில் நைட்ரஜன் அணு இரண்டு, ஒவ்வொன்றும் 14, ஆகமொத்தம் 28. 28-ஐ 60-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 46.7 சதவீதம். 45 கிலோ மூட்டையை வயல்ல வீசினால் மண்ணுக்குப் போற நைட்ரஜன் சுமார் 20 கிலோ 700 கிராம்தான். மீதி எல்லாம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன். யானைமலை அடிவாரத்து விவசாயியும், அங்கேயே இருக்கிற வேளாண் கல்லூரி மாணவரும் தினமும் போடுகிற கணக்கு இது.

இதே கணக்குத்தான் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தின் முதல் பாடமாக வந்து பிள்ளைகளைப் பயமுறுத்துது. 'வேதியியலின் அடிப்படைக் கருத்துகள் மற்றும் வேதிக் கணக்கீடுகள்' என்று பாடத்துக்குப் பேர். இங்கிலீஷில் ஸ்டாய்க்கியோமெட்ரி. எத்தனை கிராம் இதைப் போட்டால் எத்தனை கிராம் அது கிடைக்கும் என்பதுதான் மொத்த விஷயமும். பெருக்கல், வகுத்தலுக்கு மேலே இதில் ஒண்ணும் கிடையாது. அப்புறம் ஏன் கஷ்டம்? கேள்வியைப் படிச்சுப் புரிஞ்சுக்கிறதுதான் கஷ்டம். எது எதோடு சேருது, எது மிச்சமாகுது, கேட்கிறது எதை என்று மனசுக்குள்ள ஓடணும். மனசுக்குள்ள ஓடுவது எந்த மொழியில் என்பதுதான் அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வியை 160 வருஷத்துக்கு முன்னாடியே கையில எடுத்து, தன் பள்ளிக்கூடத்தையே அதுக்குப் பணயம் வைத்தவர் ஒரு அமெரிக்க டாக்டர். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். யாழ்ப்பாணத்தில் 'கிறீன்' என்று எழுதுவாங்க. அங்கே தெரியாத ஆளில்லை. இங்கே தமிழ்நாட்டுல பேர் கேள்விப்பட்டவங்க குறைவு.

மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன தொடர்பு?

ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணி தாண்டிப் போனால் கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி. அந்தப் பேர்ல இருக்கிற அமெரிக்கன், பாஸ்டனிலிருந்து இயங்கிய மிஷன். தமிழ்ப் பகுதிகளில் அவங்க முதலில் வந்து இறங்கினது மதுரையில் இல்லை, யாழ்ப்பாணத்தில். அங்கிருந்துதான் 1834-ல் மதுரைக்கு ஒரு கிளை வந்தது. வட்டுக்கோட்டையில் பெரிய செமினரி நடத்திய டேனியல் பூர் மதுரைக்கு வந்து சில வருஷம் பள்ளிகள் நடத்திட்டு மறுபடி யாழ்ப்பாணம் திரும்பினார். 1855-ல் மானிப்பாயில் காலராவில் இறந்துபோனார். கிரீன் மருத்துவமனை நடத்திக்கிட்டிருந்த அதே மானிப்பாய்தான்.

ஆக, கிரீன் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நின்ற மதுரையின் ஒண்ணுவிட்ட சொந்தக்காரர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1822 அக்டோபர் 10, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். வீடு நிறையப் பிள்ளைகள். அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தின் பெரிய ஆள் ஆனார். சென்ட்ரல் பார்க் உருவானதிலும், 1898-ல் ஐந்து பகுதிகள் சேர்ந்து இன்றைய பெரிய நியூயார்க் ஆனதிலும் அவருக்குப் பெரிய பங்கு. அண்ணன் நியூயார்க்கைக் கட்டினார், தம்பி மானிப்பாய்க்குப் போனார்.

1845-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம். 1847-ல் கப்பல் ஏறி சென்னை வழியாக யாழ்ப்பாணம். வயசு 25. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷம் மானிப்பாய். நோயாளிகளைப் பார்த்துக்கிட்டே தமிழ் படித்தார். 1848-லேயே சில இளைஞர்களைச் சேர்த்துக்கிட்டு மருத்துவ வகுப்பும் ஆரம்பித்துவிட்டார். வகுப்பு நடந்தது இங்கிலீஷில்.

பத்து வருஷம் கழித்து, உடம்பு தாங்காமல் அமெரிக்கா திரும்பினார். 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு மறுபடி மானிப்பாய். இந்தத் தடவை வந்தவர் மனசில் ஒரு முடிவு இருந்தது.

இங்கிலீஷில் படித்தவர் ஊரில் நிற்கவில்லை

முதல் பத்து வருஷத்தில் அவர் கண்ணால் பார்த்தது இது: இங்கிலீஷில் மருத்துவம் படித்த பையன்களுக்கு அரசாங்க வேலை கிடைச்சுது. கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் போய்ட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, சம்பளம் அங்கேதான். ஆனா கிராமத்தில் காலரா வந்தால் பார்க்க ஆள் இல்லை. 1864-ல் கிரீன் மருத்துவ வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை சிகிச்சை, கெமிஸ்ட்ரி எல்லாம் தமிழில். தமிழில் படித்தவர் தமிழ் ஊரில் இருப்பார் என்பது அவர் கணக்கு. வேட்டி கட்டி, ஊரோடு ஊராக இருக்கிற டாக்டர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர் மாதிரி உடுத்தி, நடந்து, பேசுகிற ஆளை உருவாக்குவதில் அவருக்கு விருப்பமே இல்லை.

சொல்றது சுலபம். 1864-ல் தமிழில் மருத்துவப் பாடப் புத்தகம் எங்கே இருந்தது? கிரீனே முன்பு கொண்டுவந்த ஓரிரண்டு புத்தகம் தவிர வேற கிடையாது. மொத்தமாக உண்டாக்கணும்.

உண்டாக்கினார். தனியாக இல்லை, அவரிடம் படித்தவர்களும் உடன் வேலை செய்தவர்களும் மொழிபெயர்ப்பார்கள், அவர் வரிவரியாகத் திருத்துவார். 1867-ல் 'இரண வைத்தியம்'. 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது இன்றைக்கும் மருத்துவ மாணவர் மேசையில் இருக்கிற கிரேயின் அனாடமி புத்தகம்தான், மூலம் வெளிவந்து 14 வருஷத்திலேயே தமிழில் வந்துவிட்டது. அதே வருஷம் 'வைத்தியாகரம்'. 1875-ல் 'கெமிஸ்தம்', நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சானது. அவர் கைபட்டு வந்த தமிழ்ப் பக்கங்கள் மொத்தம் 4,000-க்கும் மேல்.

அதென்ன 'கெமிஸ்தம்'?

கெமிஸ்ட்ரி என்ற சொல்லுக்கு ஒரு 'ம்' வால் வைத்துத் தமிழாக்கியிருக்கார். முதல்ல கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ரசாயனம் என்றால் அன்றைய நாட்டு வைத்தியருக்குக் கிண்டி எடுத்த மருந்துதான் ஞாபகம் வரும். கெமிஸ்தம் என்றால் குழப்பமே இல்லை, இது வேற என்று உடனே தெரியும்.

கிரீனின் சொல் விதி எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கான்னு தேடு. இல்லையா, வடமொழியில் தேடு. அங்கேயும் சரியாக அமையலையா, இங்கிலீஷ் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ற மாதிரி எழுது. உடம்பைப் பற்றிய புத்தகங்களில் வடமொழி வாடை தூக்கல். கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கோ தலைப்பே மூன்றாவது வழியில் வந்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த அவசரம். பொருத்தமான சொல் கிடைக்கும்வரை பாடத்தை நிறுத்தி வைக்கலை. வகுப்பு நாளைக்கு இருக்கு, சொல் இன்றைக்கு வேணும்.

மூல நூல் டேவிட் வெல்ஸ் எழுதிய அமெரிக்கப் பாடப் புத்தகம். (இந்த வெல்ஸ் பிற்பாடு அமெரிக்க அரசின் வரி நிபுணராகிப் பொருளாதாரத்தில் பேர் வாங்கினது தனிக்கதை.) தமிழாக்கத்தில் கிரீனுடன் உழைத்தவர்கள் சாப்மன், சுவாமிநாதன்.

உலகமே குழம்பியிருந்த நேரம்

கிரீன் கெமிஸ்ட்ரி படித்ததும் கற்பித்ததும் எப்பேர்ப்பட்ட காலத்தில் என்று தெரிஞ்சால்தான் இந்த வேலையின் எடை புரியும். அவர் நியூயார்க்கில் படித்தபோது பல பாடப் புத்தகங்களில் தண்ணீரின் வாய்பாடு ஹெச்-டூ-ஓ இல்லை, வெறும் ஹெச்-ஓ. ஆக்சிஜனுக்கு எடை 16 இல்லை, 8. கார்பனுக்கு 6. அதை மாற்றினதும் ஒரு வாத்தியார்தான். இத்தாலியின் ஜெனோவாவில் பாடம் நடத்திய கன்னிஸாரோ, 1858-ல் தன் பாடத்திட்டத்தையே சுருக்கி எழுதி வெளியிட்டார். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கூடிய வேதியியலாளர்கள் கையில் அந்தச் சின்னப் புத்தகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்றைய அணு எடைகள் மெல்ல நிலைச்சுது. கிரீனின் யாழ்ப்பாணக் காலம் 1847 முதல் 1873 வரை. நடுவில் உலகத்து அட்டவணையே மாறிப்போச்சு.

அப்படின்னா பழைய எடையில் கணக்குப் போட்டவங்க எல்லாம் தப்பா போட்டாங்களா? இல்லை. இதுதான் ஸ்டாய்க்கியோமெட்ரியின் சுவாரஸ்யம்.

சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்குங்க. யாழ்ப்பாணத் தீபகற்பமே சுண்ணாம்புக் கல்மேலதான் உட்கார்ந்திருக்கு. கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இன்றைய எடையில் கல் 100, சுண்ணாம்பு 56, வாயு 44. அப்ப 25 கிலோ கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு? நூற்றில் கால் பங்கு, ஆக 56-ல் கால் பங்கு, 14 கிலோ. வாயு 11 கிலோ. கூட்டிப் பாருங்க, 25 சரியா வருது.

இப்ப பழைய எடையில் போடுவோம். கால்சியம் 20, கார்பன் 6, ஆக்சிஜன் 8. கல் 50, சுண்ணாம்பு 28, வாயு 22. 25 கிலோ என்பது 50-ல் பாதி. 28-ல் பாதி 14 கிலோ. அதே விடை! எல்லா எண்ணும் பாதியாகிப் போச்சே தவிர, விகிதம் அசையலை. தண்ணீரும் அப்படித்தான்: 1-க்கு 8 என்றாலும் 2-க்கு 16 என்றாலும் ஒண்ணுதான். பழைய முறை மாட்டிக்கிட்டது வாயுக்களின் கன அளவில். இரண்டு பங்கு ஹைட்ரஜனோடு ஒரு பங்கு ஆக்சிஜன் ஏன் சேருது என்று ஹெச்-ஓ-வால் சொல்ல முடியலை. தராசில் நிறுத்த மருந்துக் கணக்குக்கு அது குறுக்கே வரவில்லை.

இன்னொண்ணு. இன்றைய மாணவரை ஓட ஓட விரட்டுற மோல் என்ற சொல்லே அப்ப கிடையாது. 1890-களில்தான் அது புழக்கத்துக்கு வந்தது, கிரீன் இறந்து பல வருஷத்துக்கு அப்புறம். அதுவரை உலகம் முழுக்கக் கெமிஸ்ட்ரிக் கணக்கு என்றால் விகிதம்தான்: இத்தனைக்கு இத்தனை என்றால் அத்தனைக்கு எத்தனை? கடைக்குப் போற பையனுக்கும் தெரிந்த மூன்றெண் கணக்கு. மோல் பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் இந்த வழியில் நாலு கணக்குப் போட்டுக் காட்டிட்டு, அப்புறம் மோலுக்குப் போனால் பயம் பாதி குறையும். வரலாற்றில் வந்த வரிசையும் அதுதானே.

ஜெயித்தாரா?

முழுசாக இல்லை. தமிழ் வகுப்புக்கு மாறினதில் மாணவர்களுக்கு ஒரு இழப்பு இருந்தது, அதை மறைக்க முடியாது. அரசாங்க வேலைக்கு இங்கிலீஷ் வேணும். 1870-ல் கொழும்பு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது பாடம் இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் படித்து ஊர் டாக்டராவதா, அங்கே இங்கிலீஷில் படித்து அரசு டாக்டராவதா என்றால், வீட்டில் என்ன சொல்வாங்கன்னு நமக்குத் தெரியாதா? இன்றைக்கும் பிளஸ் ஒன் சேர்க்கையில் தமிழ்வழியா இங்கிலீஷ்வழியா என்று கேட்கும்போது அதே யோசனைதானே ஓடுது. கிரீன் அந்தக் குடும்பங்களின் கணக்கைக் குறைத்து எடை போட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோணுது. அவர் கிளம்பிய சில ஆண்டுகளில் தமிழ்வழி மருத்துவப் படிப்பும் நின்றுபோனது.

அதே நேரம், கால் நூற்றாண்டில் 60-க்கும் மேற்பட்டவங்க அவரிடம் மருத்துவம் படித்து வெளியே வந்தாங்க. மானிப்பாயில் அவர் ஆரம்பித்த மருத்துவமனை அவர் பெயரிலேயே இன்றும் இருக்கு. சொற்களின் கதையும் வேடிக்கைதான். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் வேதியியல் என்று போகுது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இரசாயனவியல் படிக்கிறாங்க. நமக்கு மோல், அவங்களுக்கு மூல். நமக்கு நிறை, அவங்களுக்குத் திணிவு. நம்ம கார்பன் டை ஆக்சைடு அங்கே காபனீரொட்சைட்டு. ஸ்டாய்க்கியோமெட்ரிக்கு அவங்க சொல் பீசமானம். 25 கிலோ கல்லுக்கு 14 கிலோ சுண்ணாம்பு என்பது மட்டும் இரண்டு கரையிலும் ஒண்ணு.

கடைசிப் பதினோரு வருஷம்

1873-ல் உடம்பு முழுசாக ஒத்துழைக்காமல் வூஸ்டருக்குத் திரும்பினார். அதோடு வேலை நிற்கலை. தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் அமெரிக்கா போகும், திருத்தங்களோடு திரும்பி வரும். 'கெமிஸ்தம்' அச்சானபோது அவர் யாழ்ப்பாணத்தில் இல்லை. 1883-ல் 'மனுஷ சுகரணம்', 1884-ல் இந்திய மருந்துகளைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்'. தமிழ் பேச ஆளில்லாத ஒரு ஊரில் உட்கார்ந்து, தமிழ் மருத்துவப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்துக்கிட்டிருந்த ஆளை நினைச்சுப் பாருங்க.

1884 மே 28-ல் இறந்தார், வயசு 61. கல்லறையில் தன்னைத் தமிழர்களின் மருத்துவ ஊழியன் என்று பொறிக்கணும் என்பது அவர் முன்கூட்டியே சொல்லிவைத்த விருப்பம். வூஸ்டரில் அந்தக் கல்லில் இன்றும் தமிழர் என்ற பெயர் இருக்கு.