ஓரியைத் தேடிய வினவல்

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடி மாதம் அரசு விழாவும் உண்டு. நான் கேட்ட விழா உரைகளில் அவனுடைய வில்லும் கொடையுமே நிறைந்திருந்தன, முடிவு இடம்பெறவில்லை. அந்த விடுபடல் என் கணினியிலும் நேர்ந்தது.

சங்கப் பாடல்களை அக்சஸ் மென்பொருளில் தொகுத்தபோது, ஒரே அட்டவணையில் 'பாடப்பட்டோர்' என்றொரு பத்தி அமைத்திருந்தேன். ஓரி என்று வினவினேன். புறநானூற்றின் 152, 153, 204 ஆகிய மூன்றே வந்தன. வன்பரணரின் பாடல்களில், ஓர் அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவனாகவும், பாணர் சுற்றத்துக்கு வாரி வழங்கியவனாகவும் ஓரி நிற்கிறான். கழைதின் யானையார் பாட்டிலும் கொடையே பேச்சு. மூன்றிலும் அவன் உயிரோடிருக்கிறான்.

பிழை என்னுடையது. ஒரு பாடல் பலரைச் சுட்டும். ஒருவனைப் பல பாடல்கள் சுட்டும். குமணனைப் பாடும் புறநானூறு 158, ஓரி உள்ளிட்ட வள்ளல் எழுவரையும் அடுக்குகிறது. ஒற்றைப் பத்தியில் இது எப்படி அடங்கும்? பாடல்களுக்கு ஓர் அட்டவணை, தலைவர்களுக்கு ஒன்று, எந்தப் பாடலில் எவர் வருகிறார் என்று இரண்டின் எண்களையும் சேர்த்துக் குறிக்கும் இணைப்பு அட்டவணை ஒன்று எனப் பிரித்து, உறவு ஏற்படுத்தி, மீண்டும் வினவினேன்.

அகநானூறு 209 வந்தது: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்தான். நற்றிணை 320 வந்தது: ஓரி மாண்டபின் அவனது தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம். இரண்டும் அகப்பாடல்கள், ஒரு தலைவனின் சாவும் ஒரு மலையின் இழப்பும் அங்கே உவமைக்காக வந்தவை.

அடுத்த ஆடியில் அவ்விரண்டையும் செம்மேட்டு மேடையில் யாரேனும் படிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.