படியேறிப் போன செவிலி

செவிலியர் மாணவியருக்குச் சமுதாய நலச் செவிலியம் கற்பித்த ஆண்டுகளில், வீடுவீடாகச் சென்று நலத் தேவைகளைக் கணக்கெடுக்கும் படிவத்தை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் லில்லியன் வால்டின் வாழ்க்கையைச் சொல்வது என் வழக்கம்.

1867-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1891-இல் நியூயார்க்கில் செவிலியர் பயிற்சியை முடித்து, பின்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1893-இல், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் பெண்களுக்கு இல்லப் பராமரிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை ஒரு சிறுமி வந்து, நோயுற்ற தன் தாயைப் பார்க்க அழைத்தாள். குப்பை நிறைந்த தெருக்களைக் கடந்து, சேறு படிந்த படிகளில் ஏறினார் லில்லியன். இரண்டே அறைகள், ஏழு பேர் கொண்ட குடும்பம், போதாக்குறைக்கு வாடகைக்கு ஒண்டியிருந்தோர் வேறு. இரண்டு நாள்களுக்கு முன் ஏற்பட்ட இரத்தப்போக்கின் கறை காயாத படுக்கையில் அந்தத் தாய் கிடந்தார்.

லில்லியன் கல்லூரியை விட்டார். தோழி மேரி ப்ரூஸ்டருடன் அதே பகுதியில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் மேல்தளத்தில் குடியேறினார். 1895-இல் ஜேக்கப் ஷிஃப் என்ற வங்கியாளரின் உதவியால் ஹென்றி தெருவில் நிலையான இல்லம் அமைந்தது. தேவைகளை அறிய அங்கேயே வாழ்வதைவிட நல்ல வழி இருப்பதாக அவர் கருதவில்லை. பொதுச் சுகாதாரச் செவிலி என்ற பெயரே அவர் தந்ததுதான்.

நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வது 1902-ஆம் ஆண்டு நிகழ்வை. நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் பிள்ளைகளைச் சோதித்து, கண்நோயும் தோல்நோயும் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பினர். ஏடுகளில் எண்ணிக்கை பிழையின்றி ஏறியது. ஆனால், அப்பிள்ளைகளுக்கு மருந்து போடுபவர் எவருமில்லை. அனுப்பப்பட்டவர்கள் மாலையில் அதே தெருவில் அதே தோழர்களோடு விளையாடினர். நோயை எண்ணியவர்கள் தேவையை எண்ணவில்லை என்பதே என் கணிப்பு. லில்லியன் தம் இல்லத்துச் செவிலியான லீனா ராஜர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே புண்களைக் கழுவிக் கட்டினார். வீட்டுக்குச் சென்று தாய்மாருக்கும் கற்பித்தார். நகராட்சி மேலும் செவிலியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த விலக்கல்கள் அடுத்த செப்டம்பரில் ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தன. மருந்து என்னவோ பழைய மருந்துதான்.

1912-இல் உருவான பொதுச் சுகாதாரச் செவிலியத் தேசிய அமைப்பின் முதல் தலைவரானார் லில்லியன், 1940-இல் மறைந்தார். அவ்வளவையும் நான் ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுவேன்.

கேட்போர் மனத்தில் நிற்பது, அவர் தொடக்க நாள்களில் சந்தித்த பன்னிரண்டு வயதுச் சிறுவன்தான். தலையில் புண், பள்ளிக்குப் போகும்போதெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டதால் எழுத்தே அறியாதவன். மருந்தகத்தில் கிடைத்த களிம்பை ஒழுங்காகத் தடவியதில் புண் ஆறியது. அந்தச் செப்டம்பரில் பள்ளி அவனைச் சேர்த்துக்கொண்டது.