வணங்கிய தலை, வளையாத முடிவு: அல்சிடே டி காஸ்பெரி

இருபதாம் நூற்றாண்டின் இத்தாலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மாணவர் நாவில் முதலில் வரும் பெயர் முசோலினி என்பதே. அழித்தவர் பெயர் நிலைத்த அளவிற்கு, அழிந்ததை எடுத்து நிறுத்தியவர் பெயர் நிலைப்பதில்லை போலும். போரில் தோற்று, வறுமையில் வீழ்ந்து, மன்னராட்சி வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று கலங்கி நின்ற அந்நாட்டை 1945 டிசம்பர் முதல் 1953 ஆகஸ்டு வரை, தொடர்ந்து எட்டு அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கி வழிநடத்தியவர் அல்சிடே டி காஸ்பெரி ஆவார். ஐரோப்பிய ஒன்றிணைப்பின் முன்னோடிகளுள் ஒருவராக அவரைப் போற்றுவர். அப்பெருமையை விரித்துரைப்பது ஈண்டு நம் நோக்கமன்று. ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றாளராகிய அவர், தம் சமயத் தலைவராகிய போப்பாண்டவரின் அரசியல் விருப்பத்திற்கு இணங்க மறுத்த வரலாறே இக்கட்டுரையில் எடுத்துரைக்கப்படுகின்றது.

டி காஸ்பெரி 1881 ஏப்ரல் 3ஆம் நாள் திரெந்தினோ மலைநாட்டிலுள்ள பியேவே தெசினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இத்தாலிய மொழி பேசும் அப்பகுதி அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனவே அவர் உயர்கல்வி பெற்றது வியன்னாப் பல்கலைக்கழகத்தில். 1905இல் அவர் பட்டம் பெற்ற துறை மொழிநூல் என்பதை அறியும்போது, மொழித்துறையைச் சார்ந்த நமக்கு அவர் சற்று உறவினராகவே தோன்றுகின்றார். படிப்பை முடித்தபின் ஊர் திரும்பி இதழாசிரியரானார். 1911இல் வியன்னா நாடாளுமன்றத்திற்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் உலகப்போர் முடிந்து திரெந்தினோ இத்தாலியுடன் இணைந்தது. வியன்னாவில் அமர்ந்தவர் 1921இல் உரோம் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

அவர் புகுந்த இத்தாலிய அரசியலின் முன்வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1870இல் இத்தாலியப் படைகள் உரோம் நகருட் புகுந்தன. போப்பாண்டவர் பல நூற்றாண்டுகளாக ஆண்டுவந்த நிலப்பகுதி அவர் கையைவிட்டுப் போயிற்று. அன்று முதல் புதிய அரசுக்கும் திருச்சபைக்கும் பகை மூண்டது. நாடாளுமன்றத் தேர்தல்களில் கத்தோலிக்கர் பங்கு கொள்ளலாகாது என வத்திக்கான் தடை விதித்தது. அத்தடை நாளடைவில் தளர்ந்து, 1919இல் முற்றிலும் நீங்கியது. அவ்வாண்டிலேயே லூயிஜி ஸ்டுர்சோ என்னும் சிசிலிக் குருவானவர் மக்கள் கட்சியைத் தோற்றுவித்தார். கட்சியைத் தொடங்கியவர் குருவானவர். கட்சியோ திருச்சபையின் கட்சியன்று. அரசியலில் எடுக்கும் முடிவுக்குக் கட்சியே பொறுப்பு, அதன் பழி திருச்சபையைச் சாராது என்பது ஸ்டுர்சோவின் உறுதியான கொள்கை. இக்கொள்கையைத்தான் டி காஸ்பெரி அவரிடம் கற்றார். இதே ஸ்டுர்சோ பின்னாளில் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பாசிசத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் வத்திக்கான் மக்கள் கட்சியைக் கைவிடத் தொடங்கியது. 1923இல் மேலிடத்து நெருக்குதலால் ஸ்டுர்சோ கட்சிச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். மறு ஆண்டு நாட்டைவிட்டே வெளியேறினார். பொறுப்பு டி காஸ்பெரியின் தோளில் வீழ்ந்தது. 1924 ஜூனில் சமதர்மக் கட்சி உறுப்பினர் மத்தேயொட்டி கொலையுண்டபோது நாடே கொதித்தெழுந்தது. மிதவாதச் சமதர்மக் கட்சியினரும் கத்தோலிக்கரும் கைகோத்தால் முசோலினியை வீழ்த்திவிடலாம் என்னும் நிலை உருவாயிற்று. டி காஸ்பெரி அக்கூட்டணிக்கு இசைவாயிருந்தார். ஆயின் அவ்வாண்டு செப்டம்பரில் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் அத்தகைய கூட்டுறவை ஏற்கவியலாதென வெளிப்படையாகவே அறிவித்தார். அத்துடன் அம்முயற்சி கருகிற்று. அதன்பின் இத்தாலி ஏறத்தாழ இருபதாண்டுகள் பட்ட பாட்டை நோக்குங்கால், அந்த ஒரு மறுப்பின் விலை மிகப் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1926இல் கட்சி தடைசெய்யப்பட்டது. 1927 மார்ச்சில் மனைவி பிரான்செஸ்காவுடன் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்த டி காஸ்பெரி, இசைவின்றி நாட்டைவிட்டு வெளியேற முயன்றார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் கைது செய்யப்பட்டார். நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பின் அது குறைக்கப்பட்டு, 1928இல் வெளிவந்தார். ஆயினும் காவலர் கண்காணிப்பு ஓயவில்லை. வேலை தருவாரும் இலர். செர்மன் மொழி நூல்களை மொழிபெயர்த்துச் சிறுபொருள் ஈட்டினார். வீட்டில் சின்னஞ்சிறு பெண்மக்கள். இந்நிலையில் 1929இல் வத்திக்கான் நூலகம் அவருக்குக் கதவு திறந்தது. நூற்பட்டியல் ஆக்கும் எளிய பணிதான், ஊதியமும் சொற்பம். எனினும் முசோலினியின் கை எட்டாத இடம் அது ஒன்றே. நாடாளுமன்றத்தில் கட்சித் தலைவராயிருந்தவர், ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அங்கே நூல்களுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். அதே 1929இல்தான் வத்திக்கான் முசோலினியுடன் இலாத்தரன் உடன்படிக்கையையும் செய்துகொண்டது என்பதையும் மறத்தலாகாது. தம்மைச் சிறையிட்டவனோடு கைகுலுக்கிய அதே நிறுவனம்தான் தமக்குச் சோறும் அளித்தது. அந்த நன்றியை அவர் இறுதிவரை மறந்தாரல்லர்.

போரின் இடையே, 1943ஆம் ஆண்டளவில், மறைவாகக் கூடிய பழைய தோழர்களுடனும் இளைஞர்களுடனும் கிறித்துவ மக்களாட்சிக் கட்சியை அவர் உருவாக்கினார். 1945 டிசம்பரில் தலைமை அமைச்சரானார். 1946 ஜூன் 2ஆம் நாள் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் மக்கள் குடியரசைத் தேர்ந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பாரிசு அமைதி மாநாட்டில், தோற்ற நாட்டின் சார்பாளராக, வென்றவர்களின் குளிர்ந்த முகங்களுக்கு எதிரே நின்று அவர் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகின்றது.

1948 ஏப்ரல் 18 தேர்தலில் கிறித்துவ மக்களாட்சிக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குகளையும், 574 இடங்களில் 305 இடங்களையும் பெற்றது. இவ்வெற்றியில் திருச்சபைக்குப் பெரும்பங்கு உண்டு. கத்தோலிக்கச் செயல் இயக்கத்தின் லூயிஜி கெத்தா ஊர்தோறும் குடிமைக் குழுக்களை அமைத்துப் பொதுவுடைமைக் கட்சிக்கு எதிராக வாக்குத் திரட்டினார். தனித்து ஆளும் வலிமை கிடைத்தது. டி காஸ்பெரியோ தனித்து ஆள விரும்பவில்லை. தாராளவாதிகள், குடியரசுக் கட்சியினர், மிதவாதச் சமதர்மக் கட்சியினர் ஆகிய சமயச் சார்பற்றோரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். கத்தோலிக்கர் ஒருபுறம், ஏனையோர் மறுபுறம் என நாடு பிளவுபடலாகாது என்பதே அவர் கருத்து. பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்யவும் அவர் உடன்படவில்லை. வத்திக்கானில் பலருக்கு இவை பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் பயஸ் ஆண்டகையின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடல் இயலாது. கிழக்கு ஐரோப்பாவில் ஆயர்களும் குருக்களும் சிறைப்பட்டுக் கிடந்த காலம் அது. 1949இல் அங்கேரி நாட்டுக் கர்தினால் மின்சென்டி வாழ்நாள் சிறைத் தண்டனை பெற்றார். அந்நிலை உரோம் நகருக்கும் வந்துவிடுமோ எனப் போப்பாண்டவர் நடுங்கியதில் வியப்பில்லை.

1952 மே மாதம் உரோம் மாநகராட்சித் தேர்தல் வரவிருந்தது. முந்தைய ஆண்டு உள்ளாட்சித் தேர்தல்களில் கிறித்துவ மக்களாட்சிக் கட்சியின் செல்வாக்குச் சரிந்திருந்தது. இடதுசாரிகள் முன்னாள் தலைமை அமைச்சர் நித்தியை முன்னிறுத்தி ஒரு பட்டியலை அமைத்தனர். புனித நகரின் மேல் செங்கொடி பறப்பதா என்னும் கலக்கத்தில் வத்திக்கான் ஒரு திட்டம் வகுத்தது. பொதுவுடைமைக் கட்சியை எதிர்ப்போர் அனைவரும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டும். முடியரசுக் கட்சியினர் மட்டுமன்றி, முசோலினியின் எச்சமாய் விளங்கிய புதுப் பாசிசத்தாரும் அதில் இடம்பெறுவர். இப்பட்டியலுக்குத் தலைமை தாங்க முன்வந்தவர் வேறு யாருமல்லர். நாடு திரும்பியிருந்த முதியவர் ஸ்டுர்சோவே! எந்தப் பாசிசத்தால் நாட்டைவிட்டு வெளியேறினாரோ அந்தப் பாசிசத்தின் வழித்தோன்றல்களோடு சேர்ந்து நிற்க, எண்பது வயதில் அவர் இசைந்தார். முதுமையோ, கீழ்ப்படிதலோ, பொதுவுடைமை அச்சமோ, எது அவரை அங்கே கொண்டு நிறுத்திற்று என்று ஆராய்வார் ஆராய்க.

டி காஸ்பெரி இத்திட்டத்தை ஏற்கவில்லை. புதுப் பாசிசத்தாருடன் தலைநகரில் கைகோத்தால், பாசிசத்தை எதிர்த்துப் பிறந்த குடியரசின் அடித்தளமே ஆட்டங்காணும்; சமயச் சார்பற்ற தோழமைக் கட்சிகள் விலகிவிடும்; அனைத்தினும் மேலாக, திருச்சபையே பாசிசத்தின் துணையெனப் பழி சுமக்க நேரும் என்று அவர் கருதினார். சமய நெறியில் போப்பாண்டவர் சொல்லே முடிந்த முடிபு என்பதில் அவருக்கு ஐயமில்லை. எக்கட்சியோடு சேர்ந்து தேர்தலில் நிற்பது என்பதோ நாட்டின் நன்மை தீமைகளை அறிந்த அரசியலாரின் பொறுப்பு.

நெருக்குதல் வீட்டு வாயில் வரை வந்தது. ஏப்ரல் மாதத்தில், புகழ்பெற்ற பேச்சாளராகிய இயேசு சபைக் குருவானவர் ரிக்கார்தோ லொம்பார்தி, காஸ்தெல் காந்தோல்போவிலுள்ள இல்லத்திற்குச் சென்று பிரான்செஸ்கா அம்மையாரைச் சந்தித்தார். கணவரை இணங்கச் செய்யுமாறு நெடுநேரம் வற்புறுத்தினார். போப்பாண்டவர் விரும்பும் பட்டியல் அமையாமல் தேர்தலில் தோற்றால் டி காஸ்பெரி பதவி விலக நேரும் என்றும் எச்சரித்தார். பக்தியிற் சிறந்த அப்பெண்மணியின் உள்ளம் அன்று என்ன பாடு பட்டிருக்கும்! எனினும் அவர் கணவரின் பக்கமே உறுதியாக நின்றார்.

டி காஸ்பெரி இதை மேடையேற்றவில்லை. நாளிதழ்களுக்குச் செய்தி தரவுமில்லை. போப்பாண்டவர் வெளிப்படையாக ஆணையிட்டால் அதனை எதிர்த்துச் செயற்பட மாட்டேன், அரசியலைவிட்டே விலகிவிடுவேன் என்னும் நிலையில் அவர் இருந்தார். ஆணை வராதவரை தம் முடிவை மாற்றவுமில்லை. இந்த இடத்தை மாணவர்கள் ஊன்றிப் படித்தல் நன்று. இதில் கலகமும் இல்லை, அடிமைத்தனமும் இல்லை. இடையே உள்ள இந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தவர் மிகச் சிலர்.

அவருடைய இளந்துணைவர் ஜூலியோ ஆந்திரேயொட்டி, இத்திட்டத்தின் தீமைகளை விளக்கும் குறிப்பொன்றைப் போப்பாண்டவரின் பார்வைக்குச் சேர்ப்பித்தார். கத்தோலிக்க இளைஞர் அமைப்பிலும் எதிர்ப்புக் கிளம்பியது. தோழமைக் கட்சிகளும் ஒப்பவில்லை. சில நாள்களிலேயே ஸ்டுர்சோ பின்வாங்கினார், திட்டம் கலைந்தது. மே 25ஆம் நாள் நடந்த தேர்தலில் கிறித்துவ மக்களாட்சிக் கட்சியும் அதன் நடுநிலைத் தோழர்களும் பாசிசத்தாரின் துணையின்றியே உரோமை வென்றனர். ரெபெக்கினி மீண்டும் மாநகரத் தலைவரானார்.

டி காஸ்பெரியின் கணிப்பே சரியென நிகழ்ச்சிகள் காட்டின. ஆனால் அதற்கும் அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1952 ஜூனில் அவர்தம் திருமண வாழ்வில் முப்பதாண்டு நிறைவுற்றது. கன்னியர் மடத்திற் சேர்ந்திருந்த மகள் லூசியா இறுதி வாக்குறுதி எடுக்கும் காலமும் அதுவே. இவ்விரு மகிழ்ச்சிகளையும் முன்னிட்டுக் குடும்பத்துடன் போப்பாண்டவரைக் கண்டு வாழ்த்துப் பெற வேண்டினார். மறுக்கப்பட்டது. பன்னாட்டுப் பிரமுகர்களும் திருப்பயணிகளும் நாள்தோறும் கடந்து சென்ற அவ்வாயில், பதினான்கு ஆண்டுகள் உள்ளிருந்து உழைத்தவருக்குத் திறக்கவில்லை.

அப்போது வத்திக்கானுக்கான இத்தாலியத் தூதருக்கு அவர் எழுதிய மடலின் கருத்து இது: கிறித்தவன் என்ற முறையில் இவ்விழிவை ஏற்கிறேன், ஆனால் தலைமை அமைச்சர், அயலுறவு அமைச்சர் என்னும் பொறுப்புகளின் மதிப்பைக் காக்கக் கடமைப்பட்டிருப்பதால், இம்மறுப்புக் குறித்து என் வியப்பைத் தெரிவித்தாக வேண்டும். தனி மனிதனுக்கு நேர்ந்ததை விழுங்கிக்கொண்டவர், நாட்டின் பதவிக்கு நேர்ந்ததை விழுங்க மறுத்தார். வத்திக்கான் அரசுச் செயலகத்திலும் அவர்பால் அன்புடையோர் இருந்தனர். பின்னாளில் ஆறாம் பவுலாகப் போப்பாண்டவர் பொறுப்பேற்ற மொந்தினி அவர்களுள் முதன்மையானவர்.

டி காஸ்பெரியிடம் குறையே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1953 தேர்தலுக்கு முன், பாதிக்கு மேல் வாக்குப் பெறும் கூட்டணிக்குக் கூடுதல் இடங்கள் வழங்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். எதிர்க்கட்சியினர் அதை மோசடிச் சட்டம் என்றே அழைத்தனர். அவ்வழைப்பு முற்றும் தவறன்று. கூட்டணி பெற்றது 49.8 விழுக்காடு. மயிரிழையில் தவறிற்று. அவ்வாண்டுக் கோடையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று ஆட்சியை இழந்தார். 1954 ஆகஸ்டு 19ஆம் நாள், தம் மலைநாட்டுச் செல்லா ஊரில் மாரடைப்பால் உயிர்நீத்தார். உடல் தொடர்வண்டியில் உரோமுக்குக் கொண்டுவரப்பட்டபோது வழிநெடுக நிலையங்களில் மக்கள் திரண்டு நின்றனர். நகர மதிலுக்கு வெளியேயுள்ள புனித இலாரன்ஸ் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1952இல் நடந்தவற்றை அவர் தம் வாழ்நாளில் பொதுமேடையில் பேசியதில்லை. பன்னிரண்டாம் பயஸ் 1958இல் மறைந்தார். அதற்கும் ஆறாண்டுகள் கழித்து, 1964இல், மூத்த மகள் மரியா ரொமானா தந்தையாரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். லொம்பார்தி இல்லத்திற்கு வந்த நாளைப் பற்றி அன்னையார் எழுதிவைத்த குறிப்பு அந்நூலில் இடம்பெற்றது. தனித்த மனிதர் என்னும் பொருள்படும் பெயரை அந்நூலுக்கு அவர் சூட்டினார். டி காஸ்பெரியை அருளாளர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையைத் திரெந்தோ மறைமாவட்டம் 1993இல் தொடங்கியது.