லூயிசா அரசியார்

ஓரியூர்ப் புனித அருளானந்தரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் ரெட்டிபாளையம் பக்கத்தில் இராது என்றே சொல்லலாம். ஓரியூர்ச் செம்மண்ணைச் சிறு பொட்டலமாக மடித்துப் பீடத்தருகே வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் புனிதர் சிறுவனாய் இருந்தபோது லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பேத்ருவுக்குத் தோழராகவும் பணியாளராகவும் வளர்ந்தவர். இதை மறைக்கல்வி வகுப்பில் கேட்டது முதல், அந்த அரண்மனையின் தலைவி யார் என்றறிய நமக்கு ஆவல் உண்டாயிற்று. அவரே போர்த்துக்கல் நாட்டு அரசி லூயிசா தெ குஸ்மான்.

இவ்வம்மையார் போர்த்துக்கீசியர் அல்லர். 1613ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில், மெதினா சிதோனியா என்னும் பெரும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். 1588இல் இங்கிலாந்தின் மேல் படையெடுத்துச் சென்று தோற்றுத் திரும்பிய மாபெரும் கப்பற்படைக்குத் தலைமை வகித்தவர் இவருடைய பாட்டனாரே.

அக்காலத்தில் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் அடங்கிக் கிடந்தது. போர்த்துக்கீசியப் பிரபுக்களில் முதல்வரான பிரகன்சா கோமகன் ஜானை ஸ்பெயினோடு பிணைத்து வைக்க எண்ணியே 1633இல் லூயிசாவை அவருக்கு மணமுடித்தனர். நடந்ததோ நேர்மாறு! 1640 டிசம்பர் முதல் நாள் லிஸ்பனில் புரட்சி வெடித்தது. முடியை ஏற்கத் தயங்கிய கணவரைத் துணியச் செய்தவர் லூயிசா என்று வரலாறு கூறுகிறது. கணவர் நான்காம் ஜான் மன்னரானார். பிறந்த நாடு பகை நாடாயிற்று. அடுத்த ஆண்டே ஸ்பெயினிலிருந்த இவருடைய தமையனார் அரச துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளானார்.

அரசியாருக்குப் பிறந்தவர்கள் எழுவர். இருவர் பிறந்தவுடன் இறந்தனர். பட்டத்து இளவரசர் தெயதோசியும், மகள் ஜோனாவும் 1653 என்ற ஒரே ஆண்டில் மறைந்தனர். எஞ்சியவர் மூவர்: கத்தரீன், அல்போன்ஸ், பேத்ரு. அல்போன்ஸ் குழந்தைப் பருவத்தில் நோயுற்று ஒரு பக்கம் செயலிழந்தவர். 1656இல் மன்னர் இறந்தபோது முடி அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவன் தலையில் ஏறியது. ஆட்சிப் பொறுப்பு தாயின் தோளில் விழுந்தது. ஆறு ஆண்டுகள் அவர் நாட்டை நடத்தினார். 1659இல் எல்வாஸ் நகரை முற்றுகையிட்ட ஸ்பானியப் படை தோற்றோடியது இவருடைய ஆட்சியில்தான்.

ஆனாலும் துணையின்றி நாடு தப்பாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே மகள் கத்தரீனை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குக் கொடுக்க 1661இல் உடன்படிக்கை செய்தார். அதற்கு ஈடாகச் சுமார் 3,000 போர்வீரர்கள் கிடைப்பர். சீதனமோ இருபது லட்சம் குருசாதோ பணம், ஆப்பிரிக்காவில் தாஞ்சியர், இந்தியாவில் பம்பாய்! நம் வீடுகளில் நகைக்கும் பாத்திரத்துக்குமே எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். இங்கே ஒரு தீவே சீதனமாயிற்று. அங்கு வாழ்ந்த மீனவரை யார் கேட்டார்கள்? போரினால் கருவூலம் வற்றியிருந்தமையால், பணத்தின் ஒரு பகுதிக்குச் சர்க்கரையும் வேறு சரக்குகளும் கப்பலில் ஏற்றப்பட்டன. 1668இல் சார்லஸ் மன்னர் அந்தப் பம்பாயை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார்.

கத்தரீன் 1662 ஏப்ரலில் கப்பலேறினார். தாயும் மகளும் பின்னர் ஒருவரையொருவர் காணவேயில்லை. கத்தோலிக்கரை வெறுத்த அந்நாட்டில் கத்தரீன் பிள்ளைப்பேறின்றி, கணவரின் ஆசைநாயகியையே தம் தோழியாக ஏற்க நேர்ந்து, மன்னரை நஞ்சிட்டுக் கொல்லச் சதி செய்தார் என்ற பொய்ப் பழியும் சுமந்தார். தம் விசுவாசத்தை மட்டும் விடவில்லை. தாய் செய்தது சரிதானா என்று நமக்குள் வாதம் நடந்தது. நாடு பிழைத்தது, மகள் அழுதாள். இதில் நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மகள் சென்ற இரண்டே மாதத்தில் அல்போன்ஸ் மன்னரும் அவருடைய நண்பர்களும் தாயின் கையிலிருந்து ஆட்சியைப் பறித்துக் கொண்டனர். அரசியார் கன்னியர் மடத்துக்கு ஒதுங்கி, 1666 பிப்ரவரி 27ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் காத்த விடுதலையை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது 1668இல். அதைக் காண அவர் இல்லை.

அரண்மனைச் சிறுவன் அருளானந்தர் 1662 டிசம்பரிலேயே இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். பின்னாளில் மன்னரான பேத்ரு தம் பழைய தோழரை லிஸ்பனிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பியும், அவர் இணங்காமல் 1690இல் மறுபடியும் இந்தியா வந்தார். விதவையான கத்தரீன் தாய்நாடு திரும்பியது 1693 ஜனவரியில். அடுத்த மாதம் 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார். செய்தி கடல் கடந்து லிஸ்பனை எட்டியபோது, அவருடைய தாயார் துக்க உடை உடுத்தாமல் விழாக்கால உடையில் அரண்மனைக்கு வந்தார் என்பர்.