லூர்து நகர்ச் சிறுமியும் அவளைப் பெற்றவர்களும்

நமது தமிழகப் பங்குகள் பலவற்றில் லூர்து அன்னையின் கெபி உண்டு. மேலே பாறைக் குடைவில் வெண்ணிற ஆடையும் நீல நிற இடைக்கச்சையுமாக அன்னை நிற்பார்கள். கீழே ஒரு சிறுமி செபமாலையுடன் முழந்தாளிட்டிருப்பாள். அவள் பெயர் பெர்னதெத் என்பதை மெழுகுதிரி ஏற்ற வரும் பெற்றோர் எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவளைப் பெற்ற தாய் தந்தைக்கு அங்கே சுரூபம் கிடையாது. இந்த ஜூபிலி மலரில் அப்புனிதையின் வரலாற்றை எழுத முற்படும் நாம், அந்தப் பெற்றோரையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறோம். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் நாம், அதே விசுவாசத்தைச் சில வேளைகளில் அவர்களிடமிருந்தே கற்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, பிரெனீஸ் மலையடிவாரத்தில் உள்ளது லூர்து. அங்கே 1844 ஜனவரி 7 அன்று, மாவு அரைக்கும் நீர் ஆலை ஒன்றில் பெர்னதெத் மூத்த மகளாகப் பிறந்தாள். தந்தை பிரான்சுவா சுபிரூ, தாய் லூயிஸ். இருவரும் இரக்க குணம் படைத்தவர்கள், ஆனால் வியாபாரம் தெரியாதவர்கள். ஏழைகளுக்குக் கடனுக்கு மாவு கொடுத்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். எந்திரக் கல்லைக் கொத்தும்போது சில்லு தெறித்து, பிரான்சுவாவின் இடது கண் பார்வை போயிற்று. 1854-ல் ஆலையும் கைவிட்டுப் போனது. 1855-ல் ஊரில் பரவிய காலரா பெர்னதெத்தையும் பிடித்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் ஆஸ்துமா அவளை விடவேயில்லை. கடைசியில் அக்குடும்பம் குடியேறிய இடம், சுகாதாரக் கேடு என்று அரசினரே கைவிட்ட பழைய சிறைக் கொட்டடி. ஏறத்தாழ 12 அடிக்கு 14 அடி அளவுள்ள ஒரே அறை.

இன்னும் ஓர் அவமானம் பாக்கியிருந்தது. 1857 மார்ச் மாத இறுதியில் மாவு மூட்டைகள் திருட்டுப் போயின என்று பிரான்சுவாவைப் பிடித்துக் கொண்டு போனார்கள். சாட்சியம் எதுவும் இல்லை. ஏழையாக இருந்ததே சந்தேகத்துக்குக் காரணம். ஒரு வாரம் போல் காவலில் வைத்து விட்டுவிட்டார்கள். ஊர் வாய் விடுமா?

ஆயினும் அந்தக் கொட்டடியில் ஒவ்வோர் இரவும் குடும்ப செபம் நடந்தது. மாடியில் குடியிருந்தவர்களின் காதில் அது விழுந்ததுண்டு. எழுத்தறியாத பெர்னதெத் பரலோக மந்திரத்தையும், மங்கள வார்த்தை செபத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும் வீட்டில் கேட்டே மனனம் செய்திருந்தாள். பின்னர் கெபியில் அவள் கையிலெடுத்த செபமாலை அவ்வீட்டில் பழகியதுதான். இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளை அருகிலுள்ள பார்த்ரெஸ் கிராமத்தில் ஒரு வீட்டு வேலைக்கும் ஆடு மேய்க்கவும் விட்டார்கள். வீட்டில் உண்ண ஒரு வாய் குறையுமே! ஆனால் 1858 ஜனவரியில் அவள் திரும்பி வந்துவிட்டாள். பதினான்கு வயதாகியும் புதுநன்மை வாங்காதிருப்பதே அவள் குறை. பெற்றோருக்குச் சோறு கவலை, மகளுக்கு நற்கருணை கவலை.

பிப்ரவரி 11, வியாழக்கிழமை. விறகு பொறுக்கச் சென்ற இடத்தில், மசபியேல் பாறைக் குகையில் அவள் முதற்காட்சி கண்டாள். உடன் சென்ற தங்கை வீட்டில் சொல்லிவிட்டாள். லூயிஸ் கோலை எடுத்து இருவரையும் அடித்தார், இனி அங்கே போகக்கூடாதென்றார். அந்தத் தாயை நாம் குறை கூற மாட்டோம். கணவன் காவலில் இருந்து வந்து ஓராண்டு ஆகவில்லை. இப்போது மகளும் ஊர்ப் பேச்சுக்கு ஆளானால் என்ன செய்வது? பக்தியில்லாமல் அல்ல, பயத்தால்தான் அடித்தார்.

ஞாயிறன்று பிள்ளைகள் கெஞ்சவே, தந்தை அரை மனதோடு அனுமதித்தார். 19-ம் தேதி தாயே உடன் சென்றார். செபமாலை சொல்லும் மகளின் முகம் மாறியதைப் பார்த்து, தன் பிள்ளையையே தனக்கு அடையாளம் தெரியவில்லை என்று திகைத்தாராம். 21-ம் தேதி போலீஸ் அதிகாரி ழாக்கோமே அவளை விசாரித்தார். குறுக்குக் கேள்விகளுக்கு அவள் கலங்கவில்லை. கலங்கியவர் மகளை அழைத்துப் போக வந்த தந்தைதான். இனி அவளை அனுப்புவதில்லை என்று வாக்களித்து அழைத்துச் சென்றார்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏதோ ஒன்று இழுப்பது போலிருக்க, அவள் கெபிக்கே போனாள். அன்று காட்சி கிடைக்கவில்லை. தாய் சொல்லைத் தட்டலாம் என்பதற்கு நம் பிள்ளைகள் இதைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்! பெற்றோர் சொல்லுக்கும் அன்னைக்குக் கொடுத்த வாக்குக்கும் நடுவில் அவள் தவித்த தவிப்பு பெரிது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் அதைச் சொன்னாள். அவளைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றார் அவர். பெற்றோரும் தடையை நீக்கினார்கள். போலீசைக் கண்டு நடுங்கிய அந்த மனிதர், மகளின் வாய்மையை நம்பித் துணிந்தார்.

அடுத்து வந்தது பணச் சோதனை. மார்ச் 4 அன்று ஏறத்தாழ 8,000 பேர் கெபியில் திரண்டனர். வீடு தேடி வந்தவர்கள் காசை நீட்டினார்கள். பெர்னதெத் தொடவில்லை. தம்பி ஒருவன் யாரோ கொடுத்த காசை வாங்கி வந்தபோது, அறைந்து திருப்பிக் கொடுக்க அனுப்பினாள். அடுத்த வேளைக்கு வழியில்லாத நாளிலும் பெற்றோர் அவள் வழியே நின்றார்கள். ஆதாயம் தேடுகிறார்களா என்று அதிகாரிகள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. இக்குடும்பத்தில் நடந்த பெரிய புதுமை இதுவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மார்ச் 25 அன்று அன்னை தம்மை அமல உற்பவம் என்று அறிவித்தார்கள். அச்சொல்லின் பொருள் தெரியாத சிறுமி, வழியெல்லாம் அதை உச்சரித்துக்கொண்டே பங்குக் குருவிடம் ஓடினாள். ஜூன் 3-ல் புதுநன்மை வாங்கினாள். ஜூலை 16-ல் கடைசிக் காட்சி, மொத்தம் பதினெட்டு. 1862 ஜனவரி 18-ல் தார்ப் ஆயர் லொரான்ஸ் ஆண்டகை காட்சிகளை உண்மையென அறிவித்தார். பிரான்சுவா மீண்டும் ஆலைத் தொழிலுக்குத் திரும்பினார்.

1866 ஜூலையில் பெர்னதெத் பெற்றோரிடம் விடைபெற்று, தொலைவிலுள்ள நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். லூர்துக்கு அவர் திரும்பவேயில்லை. அவ்வாண்டு டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று லூயிஸ் இறந்தார். அவருக்கு வயது 41. தந்தை 1871 மார்ச்சில் இறந்தார். நோயோடே வாழ்ந்த பெர்னதெத், 1879 ஏப்ரல் 16-ல், தமது 35-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1933-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். அந்த நாளும் டிசம்பர் 8, அவர் தாய் இறந்த அதே திருநாள்.