பார்த்துப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்த டாக்டர் ஷார்கோ



போன வருஷம் எங்க அப்பத்தாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பிச்சது. நரம்புத் தளர்ச்சி, வயசானா அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் முதலில் கையை மடியில் வைத்துச் சும்மா உட்காரச் சொன்னார். கை நடுங்கியது. அப்புறம் தண்ணி டம்ளரை எடுக்கச் சொன்னார். எடுக்கும்போது நடுக்கம் குறைந்துவிட்டது. நாலு எட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தார். பார்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார். ஒரு டம்ளரை வைத்து எப்படிக் கண்டுபிடிச்சார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அந்த வழியை மற்ற டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒருவரின் கதைதான் இது.

பிறப்பும் படிப்பும்

ழான் மார்ட்டின் ஷார்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா குதிரை வண்டி செய்கிறவர். ஷார்கோவுக்குச் சின்ன வயசிலேயே படம் வரைவதில் ரொம்ப ஆசை. ஆனால் மருத்துவம் படித்தார். 1853-ல் மூட்டு நோய்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். படம் வரைகிறவருடைய கண் மட்டும் கடைசி வரை அவரிடம் இருந்தது. நோயாளிகள் நிற்பதையும் நடப்பதையும் வரைந்து வைப்பார்.

யாரும் விரும்பாத ஆஸ்பத்திரி

பாரிஸில் சால்பெட்ரியேர் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. முதலில் அது வெடிமருந்து செய்த இடம். 1656-க்குப் பிறகு ஏழைகளை அடைத்து வைக்கும் இடமாக மாறியது. 1862-ல் ஷார்கோ அங்கே டாக்டராகப் பொறுப்பேற்றபோது கிட்டத்தட்ட 5000 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் ஏழைப் பெண்கள், வயதானவர்கள், வலிப்பு வந்தவர்கள், கை கால் விளங்காதவர்கள். பேர் வாங்க நினைக்கிற டாக்டர்கள் அங்கே ரொம்ப நாள் இருக்க மாட்டார்கள். ஷார்கோ மட்டும் விரும்பிப் போனார். வுல்பியான் என்ற நண்பரோடு சேர்ந்து வார்டு வார்டாகப் போய் ஒவ்வொருவரையும் பரிசோதித்துக் குறிப்பு எழுதினார்.

அப்போது ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரே கூட 1895-ல்தான் வந்தது. அதனால் அவர் நோயாளியை உட்கார வைத்து ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கிட்டே இருப்பார். அதே மாதிரி நோய் உள்ள இன்னொருவரை வரவழைத்து இரண்டு பேரையும் ஒப்பிடுவார். வருஷக்கணக்கில் அவர்களைக் கவனிப்பார். அவர்கள் இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். உயிரோடு இருந்தபோது என்ன அறிகுறி, உள்ளே எந்த இடம் கெட்டது என்று இரண்டையும் பொருத்திப் பார்த்தார். இதுதான் அவருடைய முறை.

இரண்டு நடுக்கம்

அந்தக் காலத்தில் கை நடுங்கினால் எல்லாம் ஒரே நோய் என்று நினைத்தார்கள். ஷார்கோ இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சும்மா இருக்கும்போது நடுங்குவது. 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சன் இதைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பேரையே அந்த நோய்க்கு வைக்கச் சொன்னவர் ஷார்கோதான். இன்னொன்று, ஒரு பொருளை எடுக்கப் போகும்போது நடுங்குவது. தண்ணீர் டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வர வர ஆட்டம் அதிகமாகிச் சிந்திவிடும். இது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயில் வரும். இதை 1868-ல் தெளிவாக விளக்கினார். வகுப்பில் நோயாளிகளுக்கு நீளமான இறகு வைத்த தொப்பி போட்டுவிடுவாராம். இறகு ஆடுவதைப் பார்த்தே பின்பெஞ்சு மாணவர்களுக்கும் வித்தியாசம் புரியுமாம்!

1869-ல் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிகிற ஒரு நோயையும் விளக்கினார். பிரான்ஸில் அதற்கு ஷார்கோ நோய் என்றே பேர். 2018-ல் காலமான விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது இந்த நோய்தான். 1882-ல் நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவியை அவருக்காக உருவாக்கினார்கள்.

அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கும் நடுக்கம் இருந்ததாம். தட்டுகள் உடைந்துகொண்டே இருந்தும் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று அவரிடம் படித்த சிக்மண்ட் பிராய்டு எழுதியிருக்கிறார். அவள் நோயைக் கவனிப்பதற்காகத்தான் வைத்திருந்தாராம். அது இரக்கமா, ஆராய்ச்சியா? படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அவர் செய்த தவறு

பெரியவர்களும் தவறு செய்வார்கள். ஹிஸ்டீரியா என்று பேர் வைத்து, மயங்கி விழும் பெண்களைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி மனோவசியம் செய்து காட்டினார். அந்தப் பெண்கள் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தார்கள், அவ்வளவுதான். அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கருத்து நிற்கவில்லை. அதைத் திருத்தியவர்களில் அவருடைய மாணவர் பாபின்ஸ்கியும் ஒருவர். 1896-ல் பாபின்ஸ்கி ஒரு எளிய சோதனையைச் சொன்னார். உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே தூக்கினால், மூளையிலோ தண்டுவடத்திலோ உண்மையான பாதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். கைக்குழந்தைகளுக்கு மட்டும் அது இயல்பு. இன்றைக்கும் டாக்டர்கள் இதைச் செய்கிறார்கள்.

ஷார்கோ 1893 ஆகஸ்ட் 16-ல் தன் 67-வது வயதில் இறந்தார். அவருடைய மகனும் டாக்டருக்குப் படித்தார். பிறகு கப்பலில் தென் துருவப் பகுதிக்குப் போய் ஆராய்ச்சி செய்தார்.

தோழிகளே, அந்த 5000 பேரையும் முன்னாடி பார்த்தவர்கள் நிறைய பேர். நின்று கவனித்தவர்தான் குறைவு. எங்க அப்பத்தா நோய் முழுசாகக் குணமாகாதாம். மாத்திரை சாப்பிட்டால் நடுக்கமும் இறுக்கமும் குறையும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் பேர் தெரிந்த பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கு. மெதுவாக நடந்தால் அம்மா இப்போ கோபப்படுவதில்லை. கை ஆடுவதைப் பார்த்து என் தம்பி சிரிப்பதும் இல்லை. நீங்களும் கை நடுங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிக்காதீங்க. கொஞ்சம் நின்று கவனிங்க. அவங்க சொல்வதையும் கேளுங்க.



– 9-ஆம் வகுப்பு மாணவி